எதிரொலி முனையில் தங்கிவிட்ட குரல்

வேங்கைக்குளம் என்று பெயர் வைத்துக்கொண்டு, வேங்கையும் இல்லாமல், குளத்தையும் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டிவிட்டு, அதைச் சுற்றி நாலைந்து கடைத்தெருக்களோடு காலம் தள்ளிக்கொண்டிருந்த ஊர்க்காரர்களுக்கு இயற்கையின் மேல் திடீரென்று பிரியம் பொங்கும்போதெல்லாம் போய்வருவதற்கென்று மேற்கே கருமந்திமலை இருந்தது. அரசாங்கம் அதை வனவிலங்குகளுக்கான சரணாலயம் என்று அறிவித்திருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவைக்கப் பிடிக்காதவர்களுக்கும், புதிதாக வாங்கிய பாட்டுப்பெட்டியை எவ்வளவு தூரம் கேட்கிறது என்று சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும்தான் அது உண்மையில் சரணாலயமாக இருந்தது. வேன் பிடித்து, பிரியாணி அண்டாவையும் பாயையும் பந்து மட்டையையும் ஏற்றிக்கொண்டு, 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு முன்னால் நின்று கேட்டைத் திறக்கச் சொல்லி ஹாரன் அடித்து, திறந்ததும் அந்தப் பலகையிலேயே சாய்ந்து குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு, உள்ளே போய்ச் சத்தம் போட்டு, ஒரு மிளா மானைக்கூடப் பார்க்காமல், டிக்கெட்டுக்குக் காசு வாங்குகிறார்களே தவிர ஒரு மிருகத்தையாவது ஒழுங்காக நிறுத்திவைத்திருக்கிறார்களா என்று வனத்துறையைத் திட்டிக்கொண்டே இறங்கி வருவார்கள். மிருகங்களும் ஞாயிற்றுக்கிழமையை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தன.

அந்த ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருந்தவர் கோமதிநாயகம் அண்ணாச்சி. வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். தேர்தல் நடந்து வந்த பதவி இல்லை. யார் தலைவர் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது அவர் பேசத் தொடங்கினார், அவர் முடிப்பதற்குள் மற்றவர்களுக்கு வீட்டுக்குப் போகிற நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் கடைக்குள் பேசினால் மேலே தொங்குகிற கரண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். வேடிக்கை, ரகசியம், துக்கம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே குரல்தான் இருந்தது. இழவு வீட்டு வாசலில் நின்று 'எப்படி நடந்துச்சு' என்று பக்கத்து ஆளின் காதோரம் அவர் கேட்டால், அடுத்த தெருவிலிருந்து பதில் வரும். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, ஏழைப்பட்ட வீட்டுக் கல்யாணம் என்றால் பாத்திரத்தின் விலையைத் தானே குறைத்துச் சொல்லுவார். ஒரு பேச்சு என்றால் அதில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கிறது என்றும், அந்த இடத்தில் தான் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதாகவும் அவர் நினைத்திருந்தார். அவர் மனைவி செண்பகவடிவுக்கு, அவரிடம் ஏதாவது சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டு காய் நறுக்கப் போவது மூச்சு விடுவதுபோல ஒரு பழக்கமாகி இருந்தது. கல்லூரியில் படிக்கிற மகள் ஆவுடை, வீட்டுக்கு வந்ததும் காதில் எதையாவது மாட்டிக்கொள்ளுவாள்.

ஆடித் தள்ளுபடி வியாபாரம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் சங்கம் குடும்பத்தோடு கருமந்திமலைக்கு இன்பச் சுற்றுலா போனது. அங்கே எதிரொலி முனை என்று ஒரு இடம். கம்பி கட்டிய பாறை விளிம்பு, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் கன்னங்கரேலென்று காடு அடைத்த சரிவு. வருகிறவர்கள் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கள் பெயரைக் கத்துவார்கள், மலை அதைத் திருப்பிக் கொடுக்கும், தங்கள் பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்தியாகி முறுக்கு தின்னப் போவார்கள். அன்றைக்கும் ஜவுளிக்கடைக்காரர் கத்தினார், அரிசிக்கடைக்காரர் கத்தினார், சங்கச் செயலாளர் பிச்சுமணி தன் பெயரையும் பதவியையும் சேர்த்துக் கத்தினார். பிறகு கோமதிநாயகம் எல்லாரையும் விலகச் சொல்லி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, தான் வந்திருப்பதை மலைக்குத் தெரிவித்தார்.

மலை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு பறவை இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்குப் போனது. இன்னொரு முறை கத்தலாம் என்று அவர் வாயைத் திறந்தார். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அப்போது எதிர்ச்சரிவிலிருந்து, அவர் குரல், அவர் உதவி எதுவும் இல்லாமல் தானாகவே, என்னடே எல்லாரும் சும்மா நிக்கீங்க, சாப்பாட்டைப் பிரிக்க வேண்டியதுதானே என்று கேட்டது.

சாப்பாட்டைப் பிரித்தார்கள். சொன்னது தலைவர் குரல் என்பதால் அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை என்று பிச்சுமணி விளக்கினார். கோமதிநாயகம் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். எதிர்ச்சரிவிலிருந்து அவர் குரல், கறியில் உப்புக் குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தது. உப்பு உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது. சாயங்காலம் வேன் கிளம்பும்போது குரலும் கூடவே வந்துவிடும் என்று நினைத்து ஒரு சன்னலைத் திறந்துவைத்தார்கள். அது வரவில்லை.

திருநெல்வேலியில் டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, உள்ளே ஆள் மட்டும் இல்லை என்று சொல்லி, எதற்கும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். வனச்சரகர் ஜெசிந்தா மேடம் இன்னும் தெளிவாக இருந்தார். சரணாலயத்துக்குள் இருந்து ஒரு இறகைக்கூட வெளியே எடுத்துப்போவது குற்றம், குரலுக்கு மட்டும் விலக்கு கிடையாது, அது எந்த வகை உயிரினம் என்று மேலிடத்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வருகிறவரை அதற்கு யாரும் தீனி போடக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. பாத்திரக்கடை வாசலில் அந்தக் குரல் கேட்டால் எதிர்ச்சாரிக்குப் போய் நடந்தவர்களெல்லாம் இப்போது டிக்கெட் எடுத்துக்கொண்டு மலை ஏறி அதைக் கேட்டுவிட்டு வந்தார்கள். எதிரொலி முனையில் 'குரல் கேட்கும் இடம்' என்று அம்புக்குறி போட்ட பலகை முளைத்தது, அதைச் சுற்றி மிளகாய் தூவிய மாங்காய்க் கடையும் இளநீர்க் கடையும் முளைத்தன, அவற்றைச் சங்கத்தின் சார்பில் பிச்சுமணியே முன்நின்று நடத்தினார். குரல் சளைக்கவில்லை. எவர்சில்வருக்கும் பித்தளைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிங்கவால் குரங்குகளுக்கு எடுத்துச் சொன்னது. ஓடைக்கு இறங்கி வந்த யானைக் கூட்டத்தை வரிசையில் நிற்கச் சொன்னது. இருவாச்சிப் பறவையிடம் இவ்வளவு பெரிய மூக்கை வைத்துக்கொண்டு இவ்வளவு சின்னப் பழத்தைத் தின்கிறாயே என்று நியாயம் கேட்டது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் அதனிடம் திட்டு வாங்கினால் குடும்பம் நன்றாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டாகி, மாலையும் கழுத்துமாக வந்து கம்பியோரம் நின்றார்கள். அது யாரையும் ஏமாற்றவில்லை.

வீட்டில் கோமதிநாயகம் முதலில் தட்டைத் தட்டினார், கதவைத் தட்டினார், மேசையைத் தட்டினார். தட்டித் தட்டிக் கை வலித்ததும் சும்மா உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தவருக்குக் காது கேட்கத் தொடங்கியது. தன் வீட்டுக் கிணற்றடியில் ஒரு செம்போத்து கூப்பிடுகிறது என்பதும், மகள் குளிக்கும்போது பாடுகிறாள் என்பதும், மனைவிக்கு அரசியலிலிருந்து அடுத்த வீட்டு மாடிப்படி வரைக்கும் எல்லாவற்றிலும் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, அதை அவள் இத்தனை காலமும் அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதும் அவருக்குத் தெரியவந்தது. பேச்சு போனவனுக்குக் காதும் போயிருக்கும் என்று ஊர் நினைத்ததால், கடைக்கு வந்தவர்கள் அவரைப் பற்றி அவர் முன்னாலேயே பேசினார்கள். அதையும் கேட்டார். வாடிக்கையாளர்கள் தாங்களே பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் வியாபாரம் கூடியது. அது அவருக்குச் சந்தோஷமாக இல்லை.

மலையிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. குரலுக்கு அங்கே பயப்பட யாரும் இல்லை. குரங்குகள் அது பேசும்போதே பேன் பார்த்தன, யானைகள் வரிசையில் நிற்கவில்லை, மழை அது சொல்லி நிற்கவில்லை, மழைக்காலம் முழுக்க மேகம் வந்து அதன் மேல் படுத்துக் கிடந்தது. பதிலே சொல்லாத ஒரு இடத்தில் எவ்வளவு நேரம்தான் பேச முடியும். அது இடைவெளி விட்டுப் பேசத் தொடங்கியது. பிறகு தாழ்த்திப் பேசத் தொடங்கியது. பிறகு கேள்வி கேட்கத் தொடங்கியது. கம்பியோரம் வந்து நின்றவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டது, பனி விழுகிறதே பிள்ளைக்குக் குல்லா கொண்டு வரவில்லையா என்று கேட்டது, சொன்ன பதிலை மறுவாரம் வரைக்கும் ஞாபகம் வைத்திருந்தது.

இது ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. நலம் விசாரிக்கிற குரலைக் கேட்கவா டிக்கெட் எடுத்து இவ்வளவு தூரம் ஏறி வந்தோம் என்று சரகரிடம் புகார் கொடுத்தார்கள். கூட்டம் குறைந்தது, மாங்காய் வாடியது. பிச்சுமணி முனைக்குப் போய், அண்ணாச்சி, பழைய மாதிரி ரெண்டு போடு போடுங்க என்று கெஞ்சிப் பார்த்தார். குரல் அவருடைய மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டது.

அந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. குரல் என்பது காட்டில் இயற்கையாகத் தோன்றிய இனம் அல்ல, உண்ணிச்செடியைப் போல வெளியிலிருந்து வந்து பரவிய அயல் இனம், எனவே அகற்றப்பட வேண்டும். உரியவர் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளாவிட்டால் யானையை விரட்டுவதுபோல வெடி போட்டு மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவுக்கு விரட்டிவிடலாம். அந்தப்பக்கம் போன பிறகு அது அவர்களுடைய இனம் என்றும் அதில் விளக்கம் இருந்தது.

ஊர் உடனே சுறுசுறுப்பாகிவிட்டது. குரலை அழைத்துவர வீட்டு ஆள் யாராவது கூப்பிட வேண்டும், அப்போதுதான் அது அடையாளம் கண்டு வரும், அது வருகிற நேரம் அண்ணாச்சி வாயைத் திறந்துவைத்திருக்க வேண்டும், உள்ளே போனதும் பட்டென்று மூடிக்கொள்ள வேண்டும் என்று பிச்சுமணி ஏற்பாடு செய்தார். மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டது, மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. அண்ணாச்சி வீட்டு மதினிக்குப் போன உயிர் திரும்பி வருகிற மாதிரி இருக்கும் என்று எல்லாரும் எல்லாரிடமும் சொன்னார்கள். செண்பகவடிவிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் மாவு ஆட்டிக்கொண்டிருந்தவளிடம் ஆவுடை வந்து நின்றாள்.

"அம்மா, அது திரும்பி வரணும்னு உனக்கு இருக்கா?"

செண்பகவடிவு மாவை வழித்துப் போட்டுவிட்டு, இட்லிக்கு இந்த உளுந்து போதாது என்று சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, தெரியலம்மா என்றாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுகிற நேரத்துக்கு எதிரொலி முனையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஜெசிந்தா மேடம் ஒரு பக்கம், வெடிப்பெட்டியோடு வனக் காவலர்கள் ஒரு பக்கம், மேளக்காரர்கள் ஒரு பக்கம். நடுவில் கோமதிநாயகம், பிச்சுமணி சொன்னபடி பள்ளத்தாக்கைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றார். செண்பகவடிவு கம்பியைப் பிடித்தாள். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது, கூட்டத்துக்கு முன்னால் சத்தம் போட்டதும் கிடையாது. பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள்.

"ஏங்க."

எதிர்ச்சரிவில் இலைகள் அசைந்தன. குரல் வந்தது. மேளக்காரர்கள் காதை முன்னால் நீட்ட வேண்டியிருந்தது, அவ்வளவு தாழ்ந்து வந்தது.

"வடிவா? சாப்ட்டியா?"

அவள் கம்பியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்த மனிதருக்கு எத்தனை ஆயிரம் வேளை பரிமாறியிருக்கிறாள். இந்தக் கேள்வி இந்தக் குரலில் எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துக்கூடப் பார்த்தது இல்லை. இல்லை, விடியக்காலமே கிளம்பிவிட்டோம் என்றாள். அப்படியானால் முதலில் சாப்பிடு, இவர்கள் எல்லாரும் காத்திருப்பார்கள் என்றது குரல். அவள் பாறையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து இட்லியைப் பிட்டாள். வனத்துறை காத்திருந்தது, மேளம் காத்திருந்தது, அவள் புருஷன் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். பால்காரர் மாறியது, ஆவுடை பரீட்சை எழுதியது, கடையில் இட்லிப் பானை நன்றாகப் போகிறது என்று சின்னச்சின்ன விஷயங்களாகச் சொல்லிக்கொண்டு வந்து, அதே குரலில், எங்க அம்மை கல்லிடைக்குறிச்சியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது என்று தொடங்கி, பழக்க தோஷத்தில் அந்த இடத்தில் நிறுத்தினாள். குறுக்கே யாரும் வரவில்லை.

"சொல்லு," என்றது குரல்.

"போய்ப் பாத்துட்டு வாரேன்னு கேக்க வந்தேன். தீபாவளி யாவாரம் முடியட்டும்னு சொன்னீங்க. தீபாவளிக்கு முந்தியே அம்மை போயிட்டா. பதினாறாம் நாளுக்கு வந்தவங்க எல்லாருக்கும் நீங்க எவர்சில்வர் தூக்கு குடுத்தீங்க. ஊரே உங்களப் பாராட்டுச்சு."

ஒரு மேளக்காரர் தொண்டையைச் செருமப் போய் அடக்கிக்கொண்டார்.

"அத்தை கடைசியா என்ன கேட்டாங்க?"

"வாசல்ல யாரு வந்திருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம்."

அவள் அழவில்லை. சொல்லி முடித்தாள், அவ்வளவுதான். முடித்ததும், ஒரு பெரிய அண்டாவை இறக்கி வைத்தவள்போலத் தோளைத் தளர்த்திக்கொண்டாள். அப்போதுதான் கோமதிநாயகம் வாயை மூடினார். பிச்சுமணி பதறிப்போய், திறங்க அண்ணாச்சி, இப்போ வந்துரும் என்று முதுகைத் தட்டினார். குரலும் வருவதற்குத் தயாராகத்தான் இருந்தது. அந்தா கிளையை விட்டு இறங்குகிறது என்று சொல்கிற மாதிரி பள்ளத்தாக்கில் காற்று நகர்ந்தது. ஆனால் அவர் உதட்டை உள்ளே மடித்து, பல்லைக் கடித்து, போதாததற்கு மேல்துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். தன் தொண்டையை அவருக்குத் தெரியும். இந்தக் குரல் அதற்குள் போனால் ஒரு வாரம் தாங்காது, பழையபடி ஆகிவிடும் என்பதும் தெரியும்.

ஜெசிந்தா மேடம் செண்பகவடிவிடம் வந்து, உரியவர் மறுக்கிறார், இனி எங்கள் வேலையை நாங்கள் பார்க்க வேண்டியதுதான், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு அதிகாரி அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல்முறை. ஆனால் அபிப்பிராயத்தை வைத்து எதையும் மாற்ற முடியாது என்பதால்தான் கேட்டார். செண்பகவடிவு புருஷனைப் பார்த்தாள். துண்டுக்கு மேலே தெரிந்த கண்களில் தண்ணீர் கட்டியிருந்தது.

"அது மேல படாமப் போடுங்க," என்றாள்.

வெடி போட்டார்கள். சரணாலயத்தின் அமைதியைக் காப்பாற்றுவதற்காக மதியம் வரைக்கும் போட்டார்கள். மிளாக்கள் ஓடின, பறவைகள் எழும்பின, குரங்குகள் வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலின் பக்கம் சேர்ந்துகொண்டு கத்தின. குரல் சரிவில் மேலே மேலே ஏறிப் போனது. போகிற வழியெல்லாம், திரி சின்னதா இருக்கு, கையப் பாத்துக்கோங்கடே என்று காவலர்களிடம் சொல்லிக்கொண்டே போனது. முகட்டைத் தாண்டிய பிறகு கேட்கவில்லை. மேளக்காரர்கள் வந்ததற்கு ஒரு தடவை வாசித்துவிட்டு இறங்கினார்கள்.

ஊர் அதிலிருந்தும் எழுந்துகொண்டது. பிச்சுமணி வேறு குரல் ஏதாவது மாட்டுமா என்று பேச்சாளர்களையும் ஏலம் விடுகிறவர்களையும் முனைக்குக் கூட்டிப்போய்க் கத்தவைத்தார். மலை எல்லாவற்றையும் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தது. கொஞ்ச நாளில் ஜனங்கள் பழையபடி ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் போய், மிருகம் ஒன்றையும் காணோம் என்று திட்டிவிட்டு வரத் தொடங்கினார்கள்.

கோமதிநாயகமும் செண்பகவடிவும் மாதம் ஒரு சனிக்கிழமை செங்கோட்டை வழியாக ரயிலேறி மலைக்கு அந்தப்பக்கம் போனார்கள். அங்கேயும் ஒரு சரணாலயம், அங்கேயும் டிக்கெட், நீர்த்தேக்கத்தில் படகுச் சவாரி, கரையில் சிமெண்டு பெஞ்சு. குரல் அக்கரையில் ஈட்டி மரக் கூட்டத்துக்குள் குடியேறி, பாதி மலையாளம் கற்றுக்கொண்டு, அந்த ஊர்க்காரர்களிடம் மழை பற்றி விசாரித்துக்கொண்டிருந்தது. செண்பகவடிவு பெஞ்சில் உட்கார்ந்து அந்த மாதத்துச் சேதிகளைச் சொல்லுவாள், அது கேட்கும், நடுநடுவே அவளுக்குப் புரியாத ஒரு வார்த்தையைப் போட்டு ஏதாவது சொல்லும், அவள் சிரிப்பாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, மறு கையால் மடியில் வைத்து ஆரஞ்சு உரித்து ஒவ்வொரு சுளையாக நார் எடுத்துக் கொடுப்பார். குரல் அவளைச் சிரிக்கவைக்கும்போது அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் சுளையை இன்னும் நன்றாகச் சுத்தம் பண்ணுவார்.

ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து படகுச் சவாரிக்கு வந்த ஒரு பெண் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, செண்பகவடிவு பேசுவதையும் அக்கரையிலிருந்து பதில் வருவதையும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பொறுக்க முடியாமல், அங்கே பேசுவது யார் என்று விசாரித்தாள்.

"எங்க வீட்டுக்காரர்," என்றாள் செண்பகவடிவு.

அந்தப் பெண் குடைக்குக் கீழே இருந்த மனிதரைப் பார்த்தாள்.

"அப்போ இவங்க?"

செண்பகவடிவு அவர் நீட்டிய சுளையை வாங்கி வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். இப்போதெல்லாம் அவள் எதற்கும் அவசரப்படுவதில்லை.

"இவரும்தான்."